ஈரக் கயிறு

பெரியோர் பொறுத்தருள வேண்டும். இதற்கு முன் நான் எதையும் எழுதியதில்லை. கென்யாவில் ஆறு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவள், தமிழில் எழுதத் துணிந்திருக்கிறேன். காரணம் முடிவில் விளங்கும்.

விடியற்காலை ஐந்தேகால். கீசி மலைச்சரிவில், தேயிலைக்கு நடுவே பள்ளிக்குப் போகும் ஆளில்லாச் செம்மண் பாதை... கீழே மரப்பாலம். என் பையில் கயிறு கோத்த புதுக் கட்டை ஒன்று. பள்ளியில் ஆங்கிலத்தை விட்டுத் தாய்மொழி பேசும் பிள்ளையின் கழுத்தில் அதை மாட்ட வேண்டும். அப்படிப் பேசும் இன்னொரு பிள்ளையைப் பிடித்துக் கொடுத்தால்தான் கழற்றலாம். மாலையில் எவர் கழுத்தில் இருக்கிறதோ, அவருக்கு அடி. பத்து ஆண்டுகள் நின்றிருந்த வழக்கத்தை அன்று என் வகுப்பில் மீண்டும் தொடங்கச் சொல்லியிருந்தார் தலைமையாசிரியர் மொமன்யி.

அது நின்றுபோன காரணத்தை முந்தைய இரவுதான் அறிந்தேன். மின்சாரமற்ற விடுதியில், கரியடுப்பைச் சுற்றி நெருங்கியிருந்த எங்களிடம் ஆசிரியை கெமுன்டோ சொன்னார்.

"என் தங்கச்சி நியாபோகேக்கு அப்ப ஒன்பது வயசு. கழுத்துல கட்டையோட திரும்பி வர்றப்ப... ஆத்துல வெள்ளம். அவளும் கிடைக்கல, கட்டையும் கிடைக்கல. இப்பவும் பாலத்துல பின்னாலேருந்து கூப்பிடுறா. இங்கிலீஷ்ல பதில் சொல்லிட்டு ஓடிடுங்க, மேடம். தாய்மொழி வாயில வந்துச்சுன்னா, கயிறு உங்க கழுத்துல."

"மேடத்துக்கு என்ன பயம்? அவங்க ஊர்ப் பாஷை பேய்க்குப் புரியவா போகுது!" என்றார் கணக்கு ஆசிரியர். சிரித்தோம்.

பாலத்தின் பாதியில்... சேற்று வாடை. பின்னால் ஈரப் பாதங்கள். சப்... சப்... நின்றன.

"டீச்சர்... நேரமாயிடுச்சா?"

தமிழ்.

ஆங்கிலத்தில் ஒரு சொல் போதும், தப்பியிருக்கலாம். ஆனால் பத்து ஆண்டுகளாக அந்தச் சின்னக் கழுத்து... பையிலிருந்த புதுக் கட்டையை ஆற்றில் வீசினேன்.

"இல்லம்மா," என்றேன். "அதைக் கழட்டி என்கிட்ட குடு. நீ வீட்டுக்குப் போ."

கழுத்தில் சில்லென்று விழுந்தது.

பள்ளியில் மொமன்யி அதைப் பார்த்தார். கட்டையில் அவரே பத்து ஆண்டுகளுக்கு முன் சுட்டுப் பொறித்த எழுத்துகள். அவர் குரல் இறங்கிவிட்டது.

"அடுத்த பிள்ளைக்கு மாட்டிடுங்க, மேடம்... உங்களுக்கும் அதுதான் நல்லது."

பணிவாக மறுக்க ஆங்கிலத்தில் வாயெடுத்தேன். ஒரு சொல்லும் இல்லை.

"மாட்டேன் சார். யாருக்கும் தரமாட்டேன்."

தமிழ்தான். அவருக்குப் புரிந்தது.

ஊர் திரும்பினேன். கெமுன்டோவின் கடிதத்தைத் தம்பி படித்துச் சொன்னான்: பாலத்தில் இப்போது யாரும் கூப்பிடுவதில்லையாம். கயிறு மட்டும் இன்னும் காயவில்லை. தலைவழியே கழலவும் இல்லை. ஒரு பிள்ளைக்கு மாட்டிவிட்டால் கழலும் என்பதை அறிவேன். மாட்டமாட்டேன்.

இழந்தவை: ஆசிரியர் வேலை. ஆங்கிலம், ஒரு சொல் மிச்சமின்றி. சுருங்கிவரும் கயிற்றின் நீளத்தில், நேற்று வரை, மூன்று விரற்கடை.