கணுக்கால் வட்டம்

இல்லம்மா, நான் வெட்டமாட்டேன். நர்ஸு நான் சொல்றேன்ல, ஷூவை வெட்டமாட்டேன். நீ மொதல்ல கீழ எட்டிப் பாக்கறதை நிறுத்து. அதுக்குத்தானே நடுவுல துணியைக் கட்டித் தொங்கவிட்டிருக்கு. அந்தப் பக்கம் காலை எலும்பு டாக்டர் பாத்துக்குவாரு. என் மூஞ்சியப் பாரு. பாக்கற மாதிரி இல்லைன்னாலும் பரவால்ல, பாரு.

தெரியும், அண்ணனோட ஷூ. கேக்காம எடுத்துப் போட்டுட்டு வந்துட்ட. ஒரு சைஸ் பெருசு வேற, முன்னாடி துணியைத் திணிச்சுக்கிட்டு ஆடியிருக்க. குதிச்சு இறங்கினப்ப கால் உள்ளயே பிசகிடுச்சு. மூட்டு விலகியிருக்கும்மா. லேஸைத் தளர்த்தியும் ஷூ கழலலை, உள்ள தெரியற வரைக்கும் பாதமெல்லாம் நீலம் பாய்ஞ்சு கெடக்கு, ரத்தம் போகலை. உன்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது? மயக்க மருந்து குடுக்கற டாக்டர் வேற ஆபரேஷன்ல மாட்டிக்கிட்டாரு. அவர் வர்ற வரைக்கும் இந்தக் கால் தாங்காது. வலிக்கு ஊசி போட்டாச்சு, இப்போதைக்கு அவ்வளவுதான்.

ஷூ போனா அண்ணன் கொன்னுடுவானா? கால் போனா என்ன பண்ணுவானாம்? சரி சரி, அழாத.

ஆமா, அப்படி என்னதான் இருக்கு இதுல? கணுக்காலை மூடற துணி, ரப்பர், ஒரு லேஸ். ஓட்டப்பந்தயத்துக்குச் செஞ்சதுதானே? இல்லையா? பாஸ்கெட்பாலுக்கா? சும்மா அளக்காத. ஓ, மழைக்கும் பனிக்கும் ரப்பர் ஷூ செஞ்ச கம்பெனியா? குளிர் முடிஞ்சா ஆளுங்களுக்கு வேலை இல்லைன்னு, அடியில ரப்பரும் மேல துணியுமா இதையும் செய்ய ஆரம்பிச்சாங்களா? அட, வயித்துப்பாட்டுக்கு வந்த ஷூவா! யார் சொன்னது? அண்ணனா? வேற யாரு சொல்லப்போறா.

டாக்டர், கொஞ்சம் இருங்க.

உன்னை இல்லம்மா. மூச்சை நல்லா இழுத்து விடு. இப்ப டாக்டர் தொடுறாரே, தெரியுதா? தெரியலையா? சரி. சரி, நீ பேசு, நிறுத்தாத.

கணுக்கால்கிட்ட வட்டமா ஒரு ஒட்டு இருக்கே, அது வெளிப்பக்கம்தானே? உள்பக்கமா? போடி, யாராவது அழகுக்கு ஒட்டறதை உள்பக்கம் ஒட்டுவாங்களா? கணுக்கால் எலும்புல அடிபடாம இருக்கவா? அப்ப அதுல இருக்கற பேரு? பாஸ்கெட்பால் ஆடின ஆள் ஒருத்தரே ஊர் ஊராப் போய் இதை வித்தாரா, அவர் கையெழுத்தா! நல்ல கூத்துதான். இன்னிக்கு ஆடறவங்க எல்லாம் வேற ஷூவுக்குப் போயிட்டாங்களே, அப்புறமும் ஏன் ஊரே இதை மாட்டிக்கிட்டுத் திரியுது? என்னது, அழுக்கானாத்தான் அழகா? எங்க வீட்டுக்காரர் காதுல விழுந்துடப்போகுது, சட்டையைத் துவைக்கவே விடமாட்டாரு.

அந்த ரெண்டு குட்டி ஓட்டை? லேஸ் கோக்கத்தானே? இல்லையா? எதுக்கு? காதுல விழலை, சத்தமா சொல்லு. காத்துப் போகவா? இன்னும் சத்தமா...

கத்து. நல்லா கத்து. அவ்வளவுதான், முடிஞ்சுது. முடிஞ்சுது தங்கம்.

மூட்டு உக்காந்துடுச்சு. டாக்டர் சிரிக்கிறாரு பாரு, இந்த மனுஷன் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. விரல்ல சிவப்பு ஏறுது. எங்க, கட்டைவிரலை ஆட்டு. ஆங். எனக்கே அழுகை வருது போ.

ஷூவா? வெட்டியாச்சு, ரெண்டு துண்டு. நீ அந்த வட்டத்தைப் பத்தி என்னோட மல்லுக்கு நின்னப்பவே. அது எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாதாக்கும்? இந்த மாதிரி எத்தனை ஷூ கழட்டியிருப்பேன். உன்னைப் பேசவிடணும்னுதான் தப்புத் தப்பாக் கேட்டேன்.

முறைக்காதம்மா, நான் வெட்டலை. டாக்டரால உன் காலை விட முடியாது, என்னால உன்னை விட முடியாது. கதவுகிட்ட ஒருத்தன் பேயறைஞ்ச மாதிரி நின்னான், டாக்டர் கத்திரிக்கோலைக் கண்ணால காட்டினாரு. உங்கண்ணன்தான் வெட்டினான். ஒரு தரம்கூட யோசிக்கலை. துணிக்கு அந்தப் பக்கம் உன் முட்டியைப் பிடிச்சுக்கிட்டு இன்னும் நிக்கிறான். விடச் சொல்லு. முடிஞ்சுதுன்னு நாங்க சொன்னா நம்பமாட்டேங்கிறான்.