பதினேழாவது கடிதம்

சந்தன மாலைக்குள் சற்றே புழுங்கியபடி அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஆலை உரிமையாளர், மாண்பமை ஐயா குமாரசாமி அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, வீரபாண்டியிலிருந்தும் அருள்புரத்திலிருந்தும் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருக்கும் உழைப்பாளிகளே, பிள்ளையை மடியிலும் செவியை என் சொல்லிலும் வைத்திருக்கும் தாய்மார்களே, நல்லூர் மண்ணில் நின்று யாழினி சொல்லும் வணக்கம் உங்கள் எல்லோருக்கும்.

நிட்டிங் மெஷினுக்கான கட்டுப்பாட்டுப் பலகையை நம் ஊரிலேயே செய்தோம், அதை இயக்கும் கெர்னல் டிரைவர் என்ற மென்பொருளை எழுதியவள் நம் ஊர்ப் பெண் என்று பாராட்டக் கூப்பிட்டிருக்கிறீர்கள். பொன்னாடை அதோ அந்த நாற்காலியில் மடித்தபடி இருக்கிறது. இன்னும் நான் அதைத் தொடவில்லை. ஏன் தொடவில்லை என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

அந்தப் பலகைக்குள் இரண்டு செயலிகள், அதாவது இரண்டு மூளைகள். பெரியது திரையைப் பார்த்துக்கொள்ளும், சிறியது மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும். கடைசி வரிசையில் ஓர் அண்ணன் கேட்கிறார், “ஏனுங்க அம்மிணி, ஒரே மூளை பத்தாதுங்களா?” பத்தாதுங்கண்ணா. திரையில் படம் வரைந்துகொண்டிருக்கிற மூளையை நம்பி மோட்டாரை விட முடியாதுங்க. அதனால் இரண்டு. அவற்றுக்கு நடுவே ஓர் அஞ்சல்பெட்டி. பதினாறு கடிதம் கொள்ளும். பெரியது எழுதிப் போடும், சிறியது எடுத்துப் படிக்கும். கடிதத்தைப் பெட்டியில் சேர்ப்பதும், சேர்ந்ததா இல்லையா என்று உண்மையைச் சொல்வதும்தான் லினக்ஸ் கெர்னலுக்குள் இருக்கும் என் டிரைவரின் வேலை. உண்மையைச் சொல்வது. அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

விஜயதசமி காலை. ஐயா குமாரசாமி தம் திருக்கரத்தால் ஒவ்வொரு மெஷினுக்கும் பொட்டு வைத்து வந்தார். பழைய மெஷினுக்கு இரும்புத் தூணில் வைப்பார்கள். புது மெஷினுக்குத் திரைதானே முகம்? முகத்தின் நட்டநடுவே, ‘மெதுவாக ஓடு’ என்ற பச்சைப் பொத்தானின் மேல், குழைத்த சந்தனம், அதன்மேல் குங்குமம். ஐயா சிரிக்கிறார். ஆமாங்க ஐயா, நீங்கள்தான் வைத்தீர்கள். நான் பக்கத்தில் நின்று கைதட்டினேன்.

தொடுதிரைக்கு ஈரச் சந்தனமும் விரலும் ஒன்றுதான். யாரோ அமுக்கிக்கொண்டே இருக்கிறார்கள் என்று நினைத்து, ஓடு, ஓடு, ஓடு என்று அது கடிதம் அனுப்பிக்கொண்டே இருந்தது. அந்த வேளையில் நூல் அறுந்தது. நூல் அறுந்தால் சிறிய செயலி மெஷினைத் தானே நிறுத்தும், அறுந்த நூலை முடிச்சுப் போடுகிறவரை பெட்டியைத் திறக்காது. பெட்டி நிறைந்தது. பதினாறு கடிதமும் ஓடு என்றன.

அப்போது வந்தவர் ரோஸ்மேரி அக்கா. தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து, பதினோரு வருடமாக மெஷின் ஓட்டுகிறவர். விதிப்படி முதலில், மெஷின் ஓடாதபடி பூட்டும் சிவப்புப் பொத்தானைத் திரையில் அமுக்கினார். அது பதினேழாவது கடிதம். பெட்டியில் இடமில்லை. டிரைவர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இடமில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னதா? கடிதத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, சேர்த்துவிட்டேன் என்றது. திரை ‘பூட்டப்பட்டது’ என்று காட்டியது. அக்கா நூலை முடிந்தார். உடைந்த ஊசியை எடுக்கக் கையை உள்ளே விட்டார். சிறிய செயலி பெட்டியைத் திறந்தது. மெஷின் ஓடியது. இரண்டு விரல் போயிற்று.

ஐயாவின் ஆலையில் விசாரணை நடந்தது. காகிதம் வந்தது. ‘பூட்டாமல் கை விட்டது தொழிலாளியின் கவனக்குறைவு.’ சான்று என்னவாம்? சிறிய செயலியின் பதிவில் பூட்டு என்ற கடிதமே இல்லையாம். எப்படி இருக்கும்? எறிந்த கடிதம் எப்படி இருக்கும்? அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் எந்த நிட்டிங் தளத்திலும் அக்காவை மெஷின் பக்கம் விடமாட்டார்கள். போடவில்லை என்பதால் ஏழு வாரமாக வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

நான் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். “மேடம், நான் அமுக்கத்தான் செஞ்சேன். எங்க தளத்துல சத்தத்துக்கு ஒண்ணும் கேக்காது. ஒருத்தி கையத் தூக்குனா எதுத்தாப்புல நிக்கிறவ கையத் தூக்கணும். தூக்காம சுவிட்சைத் தொட மாட்டோம். உங்க மெஷினு கையத் தூக்குச்சு மேடம். அத நம்பித்தான் உள்ள விட்டேன்.”

கேட்டீர்களா? நான் நான்கு வருடம் கல்லூரியில் படித்ததை, இரைச்சலுக்குள் நின்று தாமாகவே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். பதில் வராமல் சேர்ந்தது என்று சொல்லாதே. அவ்வளவுதான் பாடம்.

என் அலுவலகத்தில் சிரித்தார்கள். சந்தனம் வைத்தது மூடப்பழக்கம் என்றார்கள். எதுங்க மூடப்பழக்கம்? ஓடப்போகும் இரும்பைத் தொட்டு வணங்குவதா? ஓடாதே என்று கெஞ்சிய கடிதத்தைக் குப்பையில் போட்டுவிட்டு, சேர்த்துவிட்டேன் என்பதா? சந்தனம் பெட்டியை நிறைத்தது, சரி. சந்தனமா பொய் சொன்னது?

பொய் யாருடையது தெரியுமா? முதலில் என் டிரைவர் நேர்மையாகத்தான் இருந்தது. பெட்டி நிறைந்தால் இடமில்லை என்று சொன்னது. அப்போது திரை ஒரு நொடி உறைந்து நின்றது. எங்கள் மேலாளர் கிட்டுசாமி வந்து, “ஏங்கண்ணு, ஸ்கிரீன் ஹேங் ஆனா பார்ட்டி வாங்குவாங்களா? ஏதாச்சும் பண்ணுங்க” என்றார். பண்ணினேன். ஒரே ஒரு வரியை மாற்றினேன். மறுக்கத் தெரிந்த நாக்கு எனக்கும் இருந்தது, மறுக்கவில்லை. உண்மை பேசிக்கொண்டிருந்த டிரைவருக்குப் பொய் பேசக் கற்றுக்கொடுத்தவள், நீங்கள் பாராட்ட அழைத்திருக்கும் இந்த யாழினி.

 

அந்த வரியை அழித்துவிட்டேன். பூட்டுக்கென்று தனிப்பெட்டி வைத்துவிட்டேன். சிறிய செயலி பதில் சொல்லாமல் இனி எந்தத் திரையும் ‘பூட்டப்பட்டது’ என்று காட்டாது. பெரிய செயலியின் பதிவையும் தோண்டி எடுத்தேன். இதோ என் கையில். காலை ஒன்பது மணி நாற்பத்திரண்டு நிமிடம்: பூட்டுப் பொத்தான் அமுக்கப்பட்டது. அக்கா அமுக்கினார் ஐயா, அமுக்கினார்.

தலைவர் அவர்களே, விரலை என்னால் திருப்பித் தர முடியாது. பெயரை உங்களால் திருப்பித் தர முடியும். அந்தக் காகிதத்தில் ரோஸ்மேரி என்ற பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். இந்த மேடையிலேயே எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

கேட்டிருந்த பெருமக்களுக்கும், மூன்றாம் வரிசையில் கட்டுப்போட்ட கையோடு அமர்ந்திருக்கும் என் அக்காவுக்கும் நன்றி. வணக்கம் சொல்ல இரண்டு கை வேண்டும். இப்போதைக்கு ஒன்றை மட்டும் தூக்குகிறேன், அவர்கள் தளத்து வழக்கப்படி. அக்கா தூக்கிவிட்டார். தாய்மார்கள் தூக்குகிறார்கள். கடைசி வரிசை அண்ணனும் தூக்கிவிட்டார்.

ஐயா, உங்கள் கை இன்னும் மேலே வரவில்லை. நான் நிற்கிறேன்.