பாதியில் நின்ற ட்ரம்பெட்

மூர்த்தி: ...சினிமாப் பாட்டு இல்லம்மா. ஒரு ரெக்கார்டு. ரெண்டு பக்கமும் சேர்த்து ஒரே விஷயம்தான். பழைய சர்க்கஸ், பொருட்காட்சி, ராட்டினம்...

ராணியம்மாள்: ராட்டினத்துல பாட்டு எங்கப்பா இருக்குது?

மூர்த்தி: சத்தம் இருக்குதே. கீழ்பென்னாத்தூர் திருவிழாவுல அது கிறீச்சிடுறத டேப்ல புடிச்சோம். அது மேல கிடாரும் தவிலும் வாசிச்சோம். மரணக் கிணத்துல மோட்டார் சைக்கிள் சுத்துற சத்தம், அது இன்னொரு பாட்டு.

ராணியம்மாள்: நல்லா இருக்குது போ. படிச்ச புள்ளைங்க நாலு பேரு செங்கம் ரோட்டுல ரூம் எடுத்து, எண்ணெ போடாத ராட்டினத்தப் பாட்டாக்குறீங்க.

மூர்த்தி: சிரிக்காதீங்கம்மா. நீங்களும் சர்க்கஸ்ல இருந்தவங்கன்னு டெய்லர் இருசப்பன் சொன்னாரு.

ராணியம்மாள்: அவனுக்கு வேற வேல இல்ல. துணி தைச்சேன்பா. ஆடற பொண்ணுங்க சட்டைக்கு ஜிகினா வெச்சுத் தைக்கறது. கூடாரத்துக்குப் பின்னாடியே உக்காந்திருப்பேன்... இந்த டேப் மிஷின் ஓடுதா?

மூர்த்தி: ஓடுது. வேணாம்னா நிறுத்திடறேன்.

ராணியம்மாள்: ஓடட்டும் வுடு.

மூர்த்தி: கடைசிப் பாட்டு மட்டும் முடியவே மாட்டேங்குது. ட்ரம்பெட் மெட்டு. கேளுங்க...

ராணியம்மாள்: இன்னொரு வாட்டி போடு... இது உனக்கு ஏது?

மூர்த்தி: நாங்களே போட்டதுதான்.

ராணியம்மாள்: பொய் சொல்லாத தம்பி. இது எங்க சர்க்கஸ் பேண்டு பாட்டு. ஊஞ்சல்ல பறக்குற பார் ஆட்டத்துக்கு மட்டும் வாசிப்பாங்க. வேற எங்கயும் கெடையாது.

மூர்த்தி: சரி... கேட்டதுதான். எங்கன்னு அப்புறம் சொல்றேன். பாருங்க, இந்த எடத்துல நின்னுடுது. இதுக்கு மேல எனக்குத் தெரியல.

ராணியம்மாள்: நிக்காது. மேல ஏறும். தன தா... னா... ன்னு ஏறி, அங்க ட்ரம்பெட்காரரு ஒரு மூச்சு வுடுவாரு. அந்த மூச்சுல பார்ல இருந்து கைய எடுத்துடணும். எடுத்தா, எதிர் ஊஞ்சல்காரன் கை சரியா அங்க வந்து நிக்கும்.

மூர்த்தி: தையல்காரங்களுக்கு இவ்ளோ தெரியுமா?

ராணியம்மாள்: தெனம் கேட்டா தெரியாதா?

மூர்த்தி: இங்க தீபத் திருவிழாவுக்கு சர்க்கஸ் கூடாரம் போட்டப்ப... ஒரு பொண்ணு விழுந்துச்சாமே.

ராணியம்மாள்: அதெல்லாம் இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு. உனக்கு யாரு சொன்னாங்க?

மூர்த்தி: விழுந்துச்சா, இல்லியா?

ராணியம்மாள்: விழுந்துச்சு... வலைக்கு வெளிய. ஜனங்க அதுவும் ஆட்டம்னு நெனச்சுக் கை தட்டுனாங்க. ஜோக்கருங்க ஓடியாந்து சுத்தி நின்னு மறைச்சாங்க. பேண்ட நிறுத்தாதீங்கன்னு ஓனரு கத்துனாரு. எல்லாரும் வாசிச்சாங்க. ட்ரம்பெட்டு மட்டும் நின்னுடுச்சு.

மூர்த்தி: அப்புறம்?

ராணியம்மாள்: சகாதேவன்னு பேரு. ட்ரம்பெட்டக் கீழ போட்டுட்டு வெளிய போனவருதான். திரும்பி வரவே இல்ல.

மூர்த்தி: ...அவரு எங்கப்பா. மொதல்லயே சொல்லாதது தப்புதான். சொன்னா நீங்க பேச மாட்டீங்களோன்னு... அன்னிக்கு அந்த மூச்ச லேட்டா வுட்டுட்டேன், ஒரு பொண்ணக் கொன்னுட்டேன்னு இன்னிக்கும் சொல்லிட்டிருக்காரும்மா. நேரா குடியாத்தம் போயி பீடிக் கம்பெனியில சேர்ந்துட்டாரு. போன மாசம்தான் இங்க கூட்டியாந்தேன். தூக்கத்துல இந்த மெட்ட முணுமுணுப்பாரு. இதே எடத்துல நிறுத்திடுவாரு. அதக் கேட்டு வளந்துதான் இந்த ரெக்கார்டே ஆரம்பிச்சேன்... ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னிக்குத் தாளம் தப்புச்சா?

ராணியம்மாள்: தப்பல.

மூர்த்தி: நெஜமாவா?

ராணியம்மாள்: மழை. கூடாரம் ஒழுகி பாரெல்லாம் ஈரம். தாளம் சரியாத்தான் இருந்துச்சு. கை மொதல்லயே வழுக்கிடுச்சு.

மூர்த்தி: பின்னாடி உக்காந்திருந்தவங்களுக்கு எப்படிம்மா தெரியும்? என் மனசு ஆறட்டும்னு சொல்றீங்களா? நான் போயிச் சொன்னா அவரு நம்ப மாட்டாரு.

ராணியம்மாள்: உங்கப்பா இப்ப எங்க இருக்காரு?

மூர்த்தி: வேங்கிக்கால்ல. வீட்லதான். ஏன்?

ராணியம்மாள்: மிஷின நிறுத்திட்டு எந்திரி. கொஞ்சம் கை குடு, இந்தக் காலு சட்டுனு மடங்காது. பஸ்ஸு இடிச்சதுன்னுதான் எங்க ஊட்டுக்காரருக்கே சொல்லி வெச்சிருக்கேன்... குட்டைப் பாவாட கட்டி ஆடுனவன்னு தெரிஞ்சா அன்னிக்கு யாருப்பா கட்டுவாங்க? விழுந்தவ நான்தான். வா, நான் சாவலன்னு அந்த மனுஷன் கண்ணால பாக்கட்டும்.