வனவிலாசத்துக் கரடி

எனக்குப் பூப்போட்ட திரைச்சீலை பிடிக்காது, ஐயா. காடு மாதிரி அறை வேண்டும் என்று கேட்பார்கள், ஜன்னலில் ரோஜாப்பூத் துணியைத் தொங்கவிடுவார்கள். எழுபத்தெட்டில் சமயபுரம் ரோட்டில் பிலோமின்ராஜ் முதலாளி 'வனவிலாசம்' லாட்ஜ் கட்டியபோது முதலில் அதைத்தான் சொன்னேன். அவர் ஆப்பிரிக்கா போய்வந்தவர். அங்கே பெரிய மனிதர்கள் தங்குகிற காட்டு பங்களாவைப் போலவே இங்கேயும் வேண்டும் என்றார். எடமலைப்பட்டி புதூரில் செபஸ்தியான் என்றால் தெரியாதவர் இல்லை. மாதா கோயில்களுக்குக் கிறிஸ்துமஸ் குடில் ஜோடிக்கிறவன். பாறையும் குகையும் எனக்குக் கைவந்த வேலை.

மூங்கில் கட்டில், ஆலம்விழுதுக் கைப்பிடி, சுவரெல்லாம் பாறை என்று எல்லாம் செய்தேன். ஆனாலும் கூடம் மொட்டையாக இருந்தது. பாடம் செய்த கரடி ஒன்று நின்றால் எடுப்பாக இருக்கும். கரடிக்கு நான் எங்கே போவேன்? திருவிழாவில் கரடி வேஷம் கட்டுகிற அம்மாசியைப் போய்ப் பார்த்தேன்.

ஆட்டு முடியில் உடுப்பை நானே தைத்தேன். காலை ஆறு மணிக்கு அம்மாசி உள்ளே நுழைவான், முதுகுத் தையலைப் போடுவேன். ராத்திரி கூடம் காலியானதும் பிரிப்பேன். அசையாமல் நிற்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"நெசக் கரடிங்க" என்று முதலாளி வாய் கூசாமல் சொல்லுவார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்த பக்தர்கள் பிள்ளைகளின் தாயத்துக்கு முடி பிடுங்கினார்கள். ஓர் அம்மாள் சூடமே காட்டினாள். லாட்ஜில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது.

கால் மரத்துப்போனால் அம்மாசி லேசாக ஆடுவான். கணுக்காலை அவன் நிற்கிற பலகையோடு கம்பியால் கட்டினேன்.

"அண்ணே, இறுக்கமா இருக்குண்ணே."

"பழகிடும்ப்பா."

பழகிவிட்டது. தூக்கிய கை தொங்கிப்போகாமல் இருக்க அதற்கும் ஒரு கம்பி போட்டேன்.

ஆடி மாதம் அவனுக்கு இருமல் கண்டது. அன்றைக்கென்று பார்த்து வன அதிகாரியின் ஜீப் வாசலில் வந்து நிற்கிறது. கூடம் நிறையக் கூட்டம். கரடி இருமினால் ஊரே சிரிக்காதா? இலவம்பஞ்சை அவன் வாயில் அடைத்து, கரடி உடுப்பை அதன்மேல் இழுத்து நாலு தையல் போட்டேன். மூக்கை மூடவில்லை. எனக்கும் மனசாட்சி இருக்கிறது.

"கரடி வெச்சிருக்கீங்களே, லைசென்ஸ் எங்கய்யா?" என்றார் அதிகாரி.

முதலாளி என் முகத்தைப் பார்த்தார். இது ஆட்டு முடி, உள்ளே ஆள் இருக்கிறான் என்றால் அதோடு தீர்ந்தது. ஆனால் காட்டிலேயே காலம் தள்ளுகிற மனிதர் அதை நிஜக் கரடி என்று நம்பிவிட்டார், ஐயா. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு பேர் நடுவில் என் வேலையைப் பொய் என்று நானே சொல்லுவேனா? லைசென்ஸ் இல்லாமல் கரடி வைத்திருந்தது நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பலகையோடு தூக்கினார்கள். "நல்ல கனங்க" என்றான் ஒருத்தன். முனகல் கேட்டது. ஆணி லூசாகியிருக்கும் என்றேன். ஜீப்பில் ஏற்றும்போது ஒரு காது கிழிந்ததைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

கிடங்கில் வைத்துச் சீல் போட்டுவிட்டார்கள். பூச்சி அரிக்கக் கூடாதே என்று மூன்றாம் நாள் பாச்சை உருண்டை வாங்கிக்கொண்டு போனேன். கேஸ் முடியாமல் திறக்க முடியாது என்றார் காவலாளி நல்லுசாமி.

"உள்ள என்னமோ தட்டிக்கிட்டே இருக்குங்க. எலியா இருக்குமோ?"

"எலியாத்தான் இருக்கும்."

ஐந்தாம் நாள் மறுபடி போனேன். எலித் தொல்லை விட்டது என்றார்.

அம்மாசியின் மனைவி வீராயி தினமும் லாட்ஜுக்கு வந்து நின்றாள்.

"அவரு எங்கண்ணே?"

"வேலையா இருக்கான், தங்கச்சி."

அதில் பொய் எதுவும் இல்லை. பதினோராம் நாள் நாற்றம் தாங்காமல் கிடங்கின் சீலை உடைத்தவர் நீங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. நான்தான் கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. அம்மாசி எனக்குக் கூடப்பிறக்காத தம்பி. அவன்மேல் எனக்கு ஒரே வருத்தம்தான். முடியவில்லை அண்ணே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த நிமிடமே அவிழ்த்துவிட்டிருப்பேன்.