இமைப்பொழுது தாமதம்

சூடான சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்துக்கொண்டு தும்மக் கூடாது. நான் தும்மினேன். எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது என்பதால், என் ஜலதோஷத்தையும் கூண்டில் ஏற்றி இரண்டு கேள்வி கேட்கலாம்.

அப்போது மேசையில் கிடந்தது என் அக்கா கணவரின் பழைய வீடியோ கேம் பெட்டி. அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். வாய்க்கு அது ஒன்றும் கஷ்டமான சொல் இல்லை.

என் தொழில் இதுதான். தையல் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. பழைய கேம் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்தக் காலத்துக் குண்டு டிவியில் அழகாகத் தெரிந்த படம், இன்றைய தட்டை டிவியில் சோப்பு நுரைக்குள் இருந்து பார்ப்பது போலத் தெரியும். ஒலியோ, பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுவது போல இரையும். பெட்டியைத் திறந்து, சிப்பின் காலிலிருந்தே சுத்தமான படத்தையும் ஒலியையும் எடுத்து வெளியே விடுவேன். இதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. அந்தப் பெயரைப் பரப்பியவனும் நானே.

தும்மலில் கை அசைந்ததில், படம் வெளியே வரும் செம்புத் தடம் போர்டிலிருந்து உரிந்து சுருண்டுவிட்டது. மாமாவிடம் உண்மையைச் சொல்லலாம்தான். சொன்னால் என்ன நடக்கும் என்றும் எனக்குத் தெரியும்.

மாமா டவர் கிரேன் ஓட்டுகிறவர். உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, இரும்பு உத்தரத்தைத் தூங்கும் பிள்ளையைக் கிடத்துவது போல இறக்குவார். வேலைத்தளத்தில் அவருக்கு 'நூல்' என்று பெயர். கீழே இறங்கி வீட்டுக்கு வந்தால் நூல் சாட்டையாகிவிடும். ஞாயிறு மதியம் அக்கா வீட்டில் சாப்பாடு முடிந்ததும் நானும் அவரும் சண்டை கேம் ஆடுவோம். தோற்றவன் பாத்திரம் முழுவதும் தேய்க்க வேண்டும். அக்காவுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து அந்த வீட்டுப் பாத்திரங்களுக்கு என் கையைத் தவிர வேறு கை தெரியாது.

"மச்சான், அந்த அடிப்பிடிச்ச குக்கரை விட்டுடாத. உன் மூஞ்சி தெரியற வரைக்கும் தேய். வேணாம் வேணாம், பாதியில நிறுத்திடு, பயந்துடுவ."

அக்கா சிரிப்பாள். அம்மா சிரிப்பாள். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் 'இவனுக்கு விளையாட்டே புரியாது' என்பார்கள். நான் விளையாட்டு புரிந்தவன். அதை நீங்கள் போகப்போகப் பார்ப்பீர்கள்.

எனவே உரிந்த இடத்தைத் தொடாமல், வேறு இடத்திலிருந்து படத்தை எடுக்கும் டிஜிட்டல் பலகை ஒன்றைப் பொருத்தினேன். அது ஒவ்வொரு படத்தையும் உள்ளே வாங்கி, துடைத்து, மெருகேற்றி அனுப்பும். படம் கண்ணாடி போல இருக்கும். ஒரே குறை, துடைக்க நேரம் பிடிக்கும். நீங்கள் பட்டனை அழுத்துவதற்கும் திரையில் கை ஓங்குவதற்கும் நடுவே ஓர் இமைப்பொழுது தள்ளிப்போகும். கண்ணுக்குத் தெரியாது. கைக்கு மட்டும் எங்கோ இடறும்.

அந்த ஞாயிறு மாமா படத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார். முதல்முறையாக என் வேலையைப் பாராட்டினார். பிறகு முதல்முறையாகத் தோற்றார். நான் தட்டித் தடவி ஜெயித்தேன் என்பதுதான் நிஜம். அவர் பாத்திரம் தேய்க்கிற சத்தத்தை நான் சோபாவில் சாய்ந்து கேட்டேன். என்னிடம் வரும் எந்தப் பெட்டியிலும் அவ்வளவு சுத்தமான ஒலி வந்ததில்லை.

பலகையில் அந்தத் தாமதத்தைக் குறைக்க வழி இருந்தது. கூட்டவும் வழி இருந்தது.

"கலர் இன்னும் கொஞ்சம் சரி பண்ணணும் மாமா" என்று அவ்வப்போது பெட்டியை வாங்கி வருவேன். ஒவ்வொரு முறையும் சிறிது கூட்டுவேன். படம் மட்டும் பிந்தி ஒலி முந்தினால் குட்டு உடைந்துவிடும் என்பதால், ஒலியையும் அதே அளவு நிறுத்திவைக்க ஒரு மின்சுற்று கட்டினேன். குத்தும் 'டம்' என்ற சத்தமும் சேர்ந்தே விழும். என் வாழ்நாளில் செய்த மிகச் சுத்தமான வேலை அது. யாரிடமும் காட்டிப் பெருமைப்பட முடியவில்லை என்ற வருத்தம் இன்றைக்கும் உண்டு.

நியாயமும் பாருங்கள். தாமதம் எங்கள் இருவருக்கும் பொது. கடையில் இதே போன்ற பெட்டியில், இதே தாமதத்தில், முந்தி அழுத்தி அழுத்திப் பழகிக்கொண்டேன். உழைத்தேன். அவரைப் பழக வேண்டாம் என்று யாரும் தடுக்கவில்லை. இப்படி ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஒருமுறை அவர் சந்தேகப்பட்டார்.

"மச்சான், நீ அந்தப் பலகையைப் போட்டதுக்கு அப்புறம்தான்டா எனக்கு எதுவும் ஓடல. அழுத்துறது ஒண்ணு, நடக்கிறது ஒண்ணா இருக்கு."

"அப்படியா? ரிமோட்டை மாத்திக்குவோம். உங்களுது எனக்கு, என்னுது உங்களுக்கு."

மாற்றிக்கொண்டோம். மூன்று ஆட்டத்திலும் அவரைச் சுவரோடு சாய்த்தேன்.

"இப்ப என்ன சொல்றீங்க மாமா? பெட்டி மேல பழி போடாதீங்க. வயசாகுது, ஒத்துக்குங்க."

அவர் வலது கையை முகத்துக்கு நேரே நீட்டி, விரல்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். குக்கரைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

ஒரு விஷயத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். மறக்கவில்லை, தள்ளிப்போட்டேன். மாமாவின் அப்பாவுக்கு இதே வயதில்தான் கை மந்தமானது. முதலில் கரண்டி நழுவியது, பிறகு நடை, பிறகு பேச்சு. படுக்கையில் கிடந்தே போனார். பிள்ளைகளுக்கும் வரக்கூடிய நரம்பு வியாதி அது. மாமா அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார். அக்கா ஒருமுறை எனக்கு மட்டும் சொல்லியிருந்தாள். ஆம், பலகையைப் பொருத்துவதற்கு முன்பே.

பிறகு அவர் கேம் ஆடுவதாகத் தெரியவில்லை, பரீட்சை எழுதுவது போலிருந்தது. வேலை முடிந்து வந்ததும் தனியாக உட்கார்ந்து, தாவி ஓடும் கேமில் ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய பள்ளங்களில் விழுந்துகொண்டே இருப்பாராம். டாக்டரிடம் போனார். கையைத் தட்டிப் பார்த்து, வெளியே ஒன்றும் தெரியவில்லை, ரத்தப் பரிசோதனை செய்தால் உறுதியாகத் தெரிந்துவிடும் என்றார் டாக்டர். "தெரிஞ்சுக்கிட்டு என்னால வாழ முடியாது" என்று மாமா எழுந்து வந்துவிட்டார். கீழே ஆட்கள் நடமாடும்போது சந்தேகமான கையோடு மேலே உட்காருவது பாவம் என்று கிரேனிலிருந்து இறங்கினார். ஸ்டோர் ரூமில் ஹெல்மெட் எடுத்துக்கொடுக்கும் வேலை கிடைத்தது. நல்ல மனிதர்தான். நான் இல்லை என்று சொல்லவில்லையே.

அக்கா அப்போது கர்ப்பமாக இருந்தாள். ரொம்ப நாள் காத்திருந்து உண்டானது.

ஒரு மத்தியானம் கடைக்கு வந்தாள். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. நான் ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன், மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினேன்.

"டேய், விளையாட்டுப் பேச்சு வேணாம். நீதான் அவரோட உக்காந்து ஆடுற. அவர் கையைப் பக்கத்துல பாக்குற. உண்மையிலேயே மந்தமாகுதா?"

"எதுக்குக்கா இப்ப?"

"இந்தப் பிள்ளைக்கும் வந்துடும்னு பயப்படுறாரு. வேண்டாம்ங்கிறாரு. நீ சொல்லு."

பலகைதான் அக்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். ஆனால் சொன்னால் அடுத்த ஞாயிறு அந்த சோபாவில் நான் யார்? இத்தனை நாள் ஏமாற்றி ஜெயித்தவன். மாமா அதை ஆயுள் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். கொஞ்ச நாள் கழித்து, தாமதத்தைச் சத்தமில்லாமல் குறைத்துவிட்டால், அவருக்கே சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். என் கணக்கில் அக்காவுக்கு அவ்வளவு நாள் இல்லை என்பது விட்டுப்போயிற்று.

"கொஞ்சம் குறையுதுதான்க்கா" என்றேன். மென்மையாகத்தான் சொன்னேன்.

ஆஸ்பத்திரிக்கு அவர்களை நானே காரில் கூட்டிப்போனேன். திரும்பும்போது மேடுபள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினேன். வீட்டுக்கு வந்து, யாரும் சொல்லாமலே பாத்திரம் தேய்த்தேன்.

சில மாதம் கழித்து அக்கா அடம்பிடித்து மாமாவைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனாள். வியாதி இல்லை என்று முடிவு வந்தது. இனிமேலும் வராது என்றார்கள். அந்த வாரமே பெட்டியை வாங்கிவந்து தாமதத்தை எடுத்துவிட்டேன். மாமா ஆடினார், ஜெயித்தார், என்னைக் கட்டிப்பிடித்து, "எல்லாம் என் மனசுதான்டா மச்சான், பயமே கையைக் கட்டிப்போட்டுடுச்சு" என்று அழுதார். மறுபடி கிரேன் ஏறினார். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நான் நினைத்ததில் தப்பு என்ன?

அதனால்தான் போன ஞாயிறு சாப்பிடும்போது அதைச் சொன்னேன். நல்ல நகைச்சுவை, வீணாகப் போகக் கூடாது. தும்மலிலிருந்து தொடங்கினேன். மாமா திரையைப் பார்த்து முழிக்கிற மாதிரி முழித்துக் காட்டினேன், 'டம்' என்று பிந்தி விழுகிற குத்தைச் செய்து காட்டினேன். அம்மா முதலில் கொஞ்சம் சிரித்தாள்.

மாமா சோற்றில் இருந்த கையை எடுக்காமல் அப்படியே இருந்தார். பிறகு எழுந்து, கழுவாத கையோடு பெட்டியின் ஒயர்களைப் பிடுங்கி, அதைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். எறியவில்லை, இறக்கிவைத்தார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"விளையாட்டுப் புத்தி, தெரியாம செஞ்சுட்டான்" என்று அம்மா கதவைப் பார்த்துச் சொன்னாள்.

எனக்கு ஒன்று மட்டும் தெளிவாக வேண்டியிருந்தது. வேண்டாம் என்றது மாமா. கையெழுத்துப் போட்டது அக்கா. செய்தது டாக்டர். நான் ஒரு அபிப்பிராயம் சொன்னேன், அவ்வளவே. இதை முன்பே அம்மாவிடம் சுற்றிவளைத்துக் கேட்டிருக்கிறேன். "எல்லாம் நேரம்டா" என்றாள். அக்காவிடமும் கேட்டிருக்கிறேன், "அதை இப்ப ஏன் எடுக்கிற" என்று நகர்ந்துவிட்டாள்.

அன்று அவள் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றிருந்தாள். பெட்டியை இடுக்கிக்கொண்டு வாசற்படியில் நின்றேன்.

"அக்கா, நான் அன்னைக்கு என்ன சொல்லியிருந்தாலும் நீங்க அதைத்தானே செஞ்சிருப்பீங்க?"

அவள் குழாயை மூடினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்ல. நீ சொல்றதுதான் முடிவுன்னு ரெண்டு பேரும் பேசி வச்சிருந்தோம். 'என்னைக் கிண்டல் பண்ணுவான், ஆனா உன்கிட்ட பொய் சொல்ல மாட்டான், போய் மச்சானைக் கேளு'ன்னு அவர்தான் அனுப்பினாரு. கை நல்லாத்தான் இருக்குன்னு நீ சொல்லியிருந்தா பெத்திருப்போம்."