உத்தரத்துக்கு அடியில்

நான் மைக்கைப் பிடிக்கும் முன்பே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட நகரசபைத் தலைவர் அவர்களே! முன்வரிசையை முழுதாய் நிறைத்த பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் என் பேச்சைச் செவியிலும் தாங்கும் தாய்மார்களே! அனைவருக்கும் இந்தத் தச்சனின் தாழ்மையான வணக்கம்.

எங்கே அமர்ந்திருக்கிறீர்கள், தெரிகிறதா? இருநூறாண்டு கண்ட தோட்டத்து மாளிகையின் மாடிக்கூடத்தில்! வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்த நாம், இன்று விருந்தினர்! இனி இங்கே மணவிழா நடக்கும், மழலையரின் பிறந்தநாள் நடக்கும். ஆனால் நான்கு மாதத்துக்கு முன்? கூரை ஒழுகியது, சுவர் உப்பியது, தளத்தைத் தாங்கும் உத்தரம் உளுத்தது. முந்நூறு பேரைத் தாங்காவிட்டால் இடித்துவிடுவோம் என்று தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார். முறைக்காதீர்கள் ஐயா, நீங்கள் சொன்னதுதானே?

உளுத்ததை இறக்கினேன், உறுதியானதை ஏற்றினேன். சோதனை நாளில் முந்நூறு பேர் எடைக்கு மணல் மூட்டைகளை மேலே அடுக்கினார்கள். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முதல் பாரம் ஏறும்போது உத்தரம் போட்டவன் அதன் அடியில் நிற்க வேண்டும். நின்றேன். முகத்தில் வீரம், வாயில் குலதெய்வத்தின் பெயர்.

அப்போது சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள் என் மனைவி. வீட்டுச் சுவரில் நான் அடித்த அலமாரி மூன்று முறை விழுந்ததைப் பார்த்தவள். ஆமாம் அம்மா, மூன்று முறைதான். நான்காவது முறை அவளே அடித்தாள், இன்னும் நிற்கிறது. வெளியே போ என்றேன். தூக்கை ஓரமாக வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"விழுந்தா ரெண்டு பேர் மேலயும் விழட்டும். உங்கள இங்க விட்டுட்டு நான் வீட்ல போய் என்ன பண்றது?"

மூட்டைமேல் மூட்டை ஏறியது. முறிந்ததா? இல்லை. வளைந்ததா? இல்லை. முனகக்கூட இல்லை! மாளிகை பிழைத்தது.

அந்த மகராசி எங்கே என்று பின்வரிசையில் ஓர் அக்கா கேட்கிறார். சொல்கிறேன். மணல் மூட்டை ஆடாது, மனிதர்கள் ஆடுவார்கள். உயிருள்ள பாரம் இன்றுதான் முதன்முதலாக ஏறியிருக்கிறது. அடியில் நிற்க வேண்டியவன் நான். நீங்களோ மேடைக்கு அழைத்துவிட்டீர்கள். படிக்கட்டில் தயங்கி நின்றேன்.

"நீங்க மேல போய்ப் பேசுங்க. நான் நிக்கிறேன்" என்றாள்.

இந்த நிமிடம், என் கால்களுக்கு நேர் கீழே, அவள் நிற்கிறாள். பெருமையாக இருக்கிறது, அழுகையும் வருகிறது. கைதட்டினால் அவளுக்குக் கேட்காது. பெரியோர்களே, தாய்மார்களே, தலைவரே, நீங்களும்தான், எழுந்து நில்லுங்கள். காலால் தட்டுங்கள்! ஓங்கித் தட்டுங்கள்! என் நன்றியையும் வணக்கத்தையும் இந்தத் தளமே அவளுக்குச் சொல்லட்டும்!