படத்தில் தெரியாத காவடி

அன்று மாலை ஆயர் ஈத்தாம் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவர் மடியில் அவருடைய தோள்பட்டையின் எம்.ஆர்.ஐ. படம்.

“படத்துல நரம்புதான் தெரியும், முருகன் தெரிய மாட்டாரு,” என்றார் அவர்.

“காவடி அழுத்தித்தான் கை மரத்துப்போச்சுன்னு டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?” என்றார் மனைவி.

“சாமி மேல பழி போடச் சொல்றியா? சமையல் கேஸ் தோம்பு தூக்கினேன்னு சொல்லிட்டேன்.”

“நரம்பு நசுங்கியிருக்கு, இனிமே தூக்கினா கையே வராதுன்னாரே.”

“அது கேஸ் தோம்புக்குத்தான்லா. காவடியப் பத்தி டாக்டர் ஒரு வார்த்தை சொல்லல. இந்தத் தைப்பூசத்துக்கும் எடுக்கத்தான் போறேன்.”

மனைவி அந்தப் படத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“சரிங்க. கேஸ் தோம்ப நான் தூக்குறேன். காவடியையும் நானே தூக்குறேன். நீங்க நல்ல கையால பால்குடத்தப் பிடிச்சுக்கிட்டு, தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பொம்பளைங்களோட வந்து சேருங்க.”